எது நமக்குப் பெரிது? விழுமியங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 32 ஆண்டுகள் தமிழ் கற்பித்து, 2020இல் ஓய்வு பெற்றவன் நான். சனிக்கிழமை பிற்பகல்களில் பழைய மாணவர்கள் வீட்டுக்கு வருவார்கள். மேலே என்ன படிப்பது, எந்த நாட்டுக்குப் போவது, யாரைக் கட்டுவது என்று தொடங்கும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கும்: "சார், எனக்கு எது முக்கியம் என்றே தெரியவில்லை." திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். வரிசை எதுவும் கிடையாது. சில பதில்கள் நீளும், சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

விழுமியம் என்கிறார்களே, அது ஆசையா, கொள்கையா, இலக்கா?

மூன்றுக்கும் அது அண்டை வீடு. ஆசை, கிடைத்ததும் அடங்கிவிடும். இலக்கு, எட்டியதும் முடிந்துவிடும். அரசுத் தேர்வில் தேறுவது இலக்கு. தேறிய மறுநாள் அதற்கு வேலை இல்லை. ஆனால் மனு கொண்டு வருகிற கிழவியை நிற்கவைக்காமல் உட்காரச் சொல்லிப் பேசுவது, அந்த நாற்காலியில் அமர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் நாள் வரை செய்ய வேண்டியது. அதற்கு முடிவு கிடையாது. கொள்கை என்பதோ பெரும்பாலும் மேடையில் இருக்கிறது.

நம் ஊரில் விழுமியம் என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. அந்த இடத்தில் "மனம் ஒப்பவில்லை" என்பார்கள். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாள் ஒரு நாள் என் மனைவியிடம், "இது நேற்றைய சாளை அக்கா. வறுக்க எடுக்காதீர்கள், குழம்புக்கு என்றால் எடுங்கள்" என்றார். பாதிக் கூடை விற்காமல் இருந்தது, வெயிலும் ஏறிவிட்டது. பொய் சொல்லியிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. ஏன் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "மனம் ஒப்பவில்லை" என்ற இரண்டு சொல்தான் பதில். ஒருவருக்கு எங்கே மனம் ஒப்பாமல் போகிறதோ, அங்கே அவருடைய விழுமியம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

என்னுடைய விழுமியங்கள் எவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்களையே கேட்டால் பொய் சொல்வீர்கள். வேண்டுமென்று இல்லை, எல்லோரும் சொல்வோம். நல்ல பதில் எது என்பது நமக்குப் பள்ளியிலேயே தெரிந்துவிடுகிறது. ஆகவே செலவுக் கணக்கைக் கேளுங்கள்.

வருகிறவர்களிடம் கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கை எடுத்துவரச் சொல்வது என் வழக்கம். இப்போது எல்லாம் கைபேசியிலேயே இருக்கிறது, வசதிதான். கடற்கரை ஊர்க்காரப் பையன் ஒருவன் வந்தான். "எனக்குக் குடும்பம்தான் சார் எல்லாம்" என்றான். கணக்கைத் திறந்தோம். பெட்ரோல், கைபேசித் தவணை, இரவுப் பரோட்டா, மறுபடி பெட்ரோல். அம்மாவின் பெயரில் ஒரே ஒரு ரீசார்ஜ். அவனே சிரித்துவிட்டான். பிறகு நான் ஒரு விளையாட்டுப் பொருள் கடையின் பெயரில் விரலை வைத்தேன். மூன்று மாதத்தில் மூன்று முறை. என்ன இது என்றேன். ஊர் மைதானத்தில் கால்பந்து ஆடுகிற சிறுவர்களில் மூன்று பேருக்குப் பூட்ஸ் இல்லையாம். மாதம் ஒருவனுக்காக வாங்கிக் கொடுத்திருக்கிறான். "இதைச் சொல்லவே இல்லையே நீ?" என்றதற்கு, "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா சார்?" என்றான்.

அதுதான் பெரிய விஷயம். சொல்லத் தோன்றாதது, கணக்குப் பார்க்காமல் கொடுத்தது, யாரும் கேட்காமலே செய்தது. அவன் இப்போது உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறான். என் பேச்சினால் போனான் என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். அந்தக் கடை ரசீதுகள் அவனைக் கொண்டுபோயின.

பணம் இல்லாதவர்களுக்கு வேறு இரண்டு தடயங்கள் உண்டு. ஒன்று கோபம். வரிசையில் ஒருவன் குறுக்கே புகுந்தால் சிலருக்கு இரத்தம் கொதிக்கும், சிலர் பேசாமல் நிற்பார்கள். அதே பேசாமல் நின்றவர், சாப்பாட்டைக் குப்பையில் கொட்டுவதைப் பார்த்தால் கத்துவார். எதற்குக் கொதிக்கிறது என்று ஒரு மாதம் குறித்துவையுங்கள். இன்னொன்று பொறாமை. அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கும். ஆனால் அதைப் போல உண்மை பேசுகிற உணர்ச்சி வேறில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கியபோது ஒன்றும் தோன்றாத உங்களுக்கு, உடன் படித்தவன் வீணை கற்றுக்கொள்கிறான் என்றதும் நெஞ்சில் ஏதோ குத்தியதா? அந்தக் குத்தலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐம்பது சொற்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, ஐந்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்களே, அது பயன்படுமா?

நேர்மை, அன்பு, சுதந்திரம், குடும்பம், வளர்ச்சி. பத்தில் ஒன்பது பேர் இந்த ஐந்தைத்தான் வட்டமிடுகிறார்கள். சாப்பாட்டுக் கடையில் விலைப்பட்டியலைப் படித்தால் பசி தீருமா? இடது பக்கம் சொல்லையும், வலது பக்கம் அதற்காகக் கடைசியாக எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்பதையும் எழுதுவதானால் பட்டியல் கொஞ்சம் உதவும். வலது பக்கம் காலியாகவே இருந்தால் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்.

எனக்கு இரண்டு விஷயங்கள் முக்கியம். இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. என்ன செய்வது?

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் சிக்கல். இந்த மாவட்டத்தில் அதற்கு ஒரு நிரந்தர வடிவமே உண்டு: வெளிநாட்டு வேலையா, வீட்டில் அம்மாவா?

மோதல் வருவது உங்கள் குறை இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இஸ்ரேலைச் சேர்ந்த சமூக உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ், பல நாடுகளில் ஆய்ந்து 1992இல் பத்து அடிப்படை விழுமியங்களை வரையறுத்தார். தன் வழியில் சிந்தித்தல், புதுமை நாட்டம், இன்பம், சாதனை, அதிகாரம், பாதுகாப்பு, இணங்கி நடத்தல், மரபு, நெருங்கியோர் நலம், அனைவர் நலம். பட்டியலைவிட அதை அவர் வைத்த விதம்தான் முக்கியம். வட்டமாக வைத்தார். பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை ஒத்துப்போகும். எதிரெதிரே இருப்பவை இழுபறி செய்யும். சாதனைக்கும் அதிகாரத்துக்கும் எதிர்ப்பக்கத்தில் பிறர் நலம் இருக்கிறது. தன் வழியில் போவதற்கு எதிர்ப்பக்கத்தில் பாதுகாப்பும் மரபும் இருக்கின்றன. வட்டத்தில் எல்லாமே எல்லா மனிதருக்கும் உண்டு, அளவுதான் வேறு. ஆகவே இழுபடுவது மனிதப் பிறவியின் இயல்பு.

இனி, என்ன செய்வது என்பது. திருவட்டாறு பக்கத்திலிருந்து ஒரு செவிலியர் வந்தாள், என் பழைய மாணவி. குவைத்தில் வேலை கிடைத்திருந்தது. அப்பா இல்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி, படியேற முடியாது. படிப்புக் கடன் பாக்கி. "போனால் பாவி, போகாவிட்டால் முட்டாள். நான் எது சார்?" என்றாள்.

நம் ஊர் வாய்க்கால்களை நினைத்துப் பார் என்றேன். 1906இல் பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடித்தார்கள். எத்தனை வாய்க்கால், எத்தனை மடை! தண்ணீர் குறைந்த காலத்தில் எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறந்தால் ஒரு வயலும் நனையாது. முறை வைத்துத்தான் விட வேண்டும். ஒரு மடை அடைத்திருப்பதால் அந்த வயல் யாருக்கும் வேண்டாத வயல் ஆகிவிடாது, அதன் முறை வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் முறைப் பாசனத்தில் ஒரு ஆபத்து உண்டு. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று யாராவது வரப்பில் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் மேல்மடைக்காரன் முறை முடிந்த பிறகும் திறந்தே வைத்திருப்பான்.

அவள் வீட்டில் கடைமடை அம்மா. "போ மக்களே, ஆனால் தேதி குறித்துவிட்டுப் போ" என்றேன். கடன் முடியும் மாதத்தை ஒரு தாளில் எழுதி அம்மாவிடமே கொடுக்கச் சொன்னேன். மூன்று ஆண்டில் கடன் முடிந்தது. பிறகு வீடு கட்டுவதற்கு இன்னும் இரண்டு ஆண்டு என்றாள். அந்தத் தாளை அம்மா பத்திரமாக வைத்திருந்தார். காணொளி அழைப்பில் அதை மகளுக்குக் காட்டினாராம். வீடு பாதியில் நிற்க, இப்போது நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறாள், மூன்றில் ஒரு பங்குச் சம்பளத்துக்கு. சரியான முடிவா? அவள் அண்ணன் தவறு என்கிறான். இரண்டு பேரின் வட்டமும் ஒன்றில்லையே.

இதெல்லாம் வயிறு நிறைந்தவர்களின் பேச்சு இல்லையா? ஏழைக்கு ஏது விழுமியம்?

இந்தக் கேள்வியைக் குமரி மாவட்டத்தில் நின்றுகொண்டு கேட்கக் கூடாது.

தென் திருவிதாங்கூராக இருந்த இந்த மண்ணில், நாடார் உள்ளிட்ட பல சாதிப் பெண்கள் மார்பை மூடக் கூடாது என்றிருந்தது. 1822இல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் 1859 வரை நீண்டது. எதிர்த்தவர்கள் சந்தையில் அந்தப் பெண்களின் துணியைக் கிழித்தார்கள்; பள்ளிகளையும் வீடுகளையும் கொளுத்தினார்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் கூலிக்காரிகள், பனையேறிகளின் மனைவியர். துணி போடாமல் போயிருந்தால் அடி விழுந்திருக்காது, அன்றைய கூலியும் கிடைத்திருக்கும். இருந்தும் போட்டுக்கொண்டு போனார்கள். 1859 ஜூலை 26 அன்று மேலாடை அணியலாம் என்று அரசாணை வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்று ஒரு வால். அந்த வாலையும் பிறகு வந்தவர்கள் அறுத்தார்கள்.

அதே காலத்தில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) தம்மிடம் வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். தலையில் துணி கட்ட உரிமை இல்லாதவர்களிடம் அதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! அவர் வழி வந்த அய்யாவழியினரின் வழிபாட்டு இடங்களான நிழல் தாங்கல்களுக்குள் போனால் எதிரே கண்ணாடி இருக்கும். கும்பிடுகிறவனுக்குத் தன் உருவமே தெரியும். சிறு வயதில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது அங்கே நிற்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கூச்சத்துக்குக் காரணம் இரண்டு கேள்வி தள்ளி வருகிறது.

இன்றும் மாவட்டத்தின் கடற்கரைக் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. மீன் ஞாயிறு பார்ப்பதில்லை, வட்டியும் பார்ப்பதில்லை. ஒரு நாள் வருமானம் போகும் என்று தெரிந்தே வள்ளத்தைக் கரையில் போட்டிருக்கிறார்கள். வசதி உள்ளவர் நேரம் ஒதுக்குவதற்கும் இதற்கும் எடை வேறு.

பணத்தை விரும்புவது தவறா?

இல்லை. கன்னியாகுமரிக் கடலில் நிற்கிற வள்ளுவர் சிலையின் உயரம் பீடத்தோடு சேர்த்து 133 அடி. 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். அதை வடித்த சிற்பி கணபதி ஸ்தபதி அதில் ஒரு கணக்கு வைத்தார்: பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள், சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்து 95 அதிகாரங்கள். பொருளுக்கும் இன்பத்துக்கும் பீடத்தைவிட இரண்டரை மடங்கு உயரம் கொடுத்திருக்கிறார்கள், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. படகில் போகிறவர்கள் சிலையைத்தான் படம் எடுக்கிறார்கள், பீடத்தை எடுப்பதில்லை. அதிலும் தவறில்லை. ஆனால் பீடம் இல்லாமல் சிலையை வைத்திருந்தால் அலை இழுத்துப் போயிருக்கும்.

அளவு எங்கே மீறுகிறது என்பதை ரப்பர் பால் வெட்டுகிறவர்களிடம் கேளுங்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விடுவார்கள். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். கத்தி பட்டையைச் சீவ வேண்டும், உள்ளே இருக்கும் தடியைத் தொடக் கூடாது. நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டர் சொச்சம். கொஞ்சம் ஆழமாக இறக்கினால் அன்றைக்குப் பால் கூடும். ஆனால் காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், சில ஆண்டு கழித்து அந்தப் பக்கத்தில் கத்தியே ஓடாது. நல்ல வெட்டுக்காரர் பால் சேரும் சிரட்டையைப் பார்ப்பதற்கு முன் பட்டையைப் பார்ப்பார். சம்பளம் கூடுகிறபோது எதில் காயம் விழுகிறது என்று பார்க்கிறவர் பணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் விரும்பலாம்.

நீங்கள் உங்கள் விழுமியப்படிதான் வாழ்ந்தீர்களா?

இதை முதலில் கேட்டவள் பதினோராம் வகுப்பு மாணவி. அன்றைக்குப் பதில் சொல்லாமல் பாடத்தைத் திறக்கச் சொல்லிவிட்டேன்.

1988இல் எனக்கு வேலை கிடைத்தது அரசு உதவி பெறும் ஒரு பள்ளியில். நிர்வாகம் நன்கொடை கேட்டது. பெயர்தான் நன்கொடை. அப்பா 40 சென்ட் ரப்பர்த் தோட்டத்தை விற்றுக் கொடுத்தார். ரசீது கிடையாது. வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு 26 வயது, இரண்டு தங்கைகள், எதிரே நிரந்தர வேலை. ஷ்வார்ட்ஸின் வட்டத்தில் நான் பாதுகாப்பின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். அதுகூடப் பெரிய குற்றமாக எனக்குத் தோன்றவில்லை. அதன்பின் 32 ஆண்டுகள், நேர்மைதான் என் உயிர் என்பது போல வகுப்பில் பேசினேனே, அதுதான் தோன்றுகிறது. நேர்மை எனக்குப் பிடித்த சொல். பாதுகாப்பு நான் விலை கொடுத்து வாங்கியது. இந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்ள எனக்கு ஓய்வூதியம் வரும் வயது ஆயிற்று. கண்ணாடி முன் கூச்சம் என்றேனே, அது இதுதான்.

விழுமியம் எல்லோருக்கும் ஒன்றுதானே? நல்லது எப்போதும் நல்லதுதானே?

பூதப்பாண்டியில் 1907இல் பிறந்தவர் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா என்கிற ப. ஜீவானந்தம். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்தவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். பஸ்ஸில் போனால் அரை மணி நேரத் தொலைவு. ஜீவா சொத்து எதுவும் சேர்க்காமல், சிறைக்குப் போவதும் மேடையில் முழங்குவதுமாகக் கதர்ச் சட்டையோடு வாழ்ந்தார். கலைவாணர் திரையில் நிறையச் சம்பாதித்தார், சம்பாதித்ததைக் கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார். ஒருவர் வாங்காமல் வாழ்ந்தார், இன்னொருவர் வாங்கிக் கொடுத்து வாழ்ந்தார். ஜீவாவின் வாழ்க்கையைக் கலைவாணருக்குப் போட்டிருந்தால் தையல் விட்டுப்போயிருக்கும். உங்கள் அளவுக்குத் தைத்துக்கொள்ளுங்கள்.

வயதானால் விழுமியம் மாறுமா?

மாறும். சிலருக்கு ஒரே நாளில் மாறும். 2004 டிசம்பர் 26 காலையில் குளச்சல், கொட்டில்பாடு கரையில் நின்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

திருமணத்துக்கு முன் இருவரும் இதைப் பேசிக்கொள்ள வேண்டுமா?

நம் மாவட்டத்தில் எத்தனை பவுன் என்ற பேச்சு முடிவதற்குள்ளேயே பெண்ணும் பையனும் களைத்துவிடுகிறார்கள். இருந்தாலும் பேசுங்கள். "உனக்கு எது பிடிக்கும்?" என்பது உதவாத கேள்வி. "கையில் எதிர்பாராமல் ஒரு லட்சம் வந்தால் முதல் பத்தாயிரம் எங்கே போகும்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பின் நின்றுபோன திருமணம் ஒன்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் வேறு வேறு இடத்தில் நன்றாக இருக்கிறார்கள்.

விழுமியப்படி வாழ்ந்தால் மகிழ்ச்சி கிடைக்குமா?

உடனே கிடைக்காது. மீன்கார அம்மாளுக்கு அன்று பாதிக் கூடை நட்டம். கால்பந்துப் பையனுக்கு மாதச் செலவில் இடிக்கிறது. நாகர்கோவில் செவிலியருக்கு அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. நான் பார்த்தவரையில் கிடைப்பது வேறொன்று: இரவு படுத்தால் தனக்குத் தானே விளக்கம் சொல்லிக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. நிறைவு என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தானோ என்று நினைக்கிறேன். விளக்கம் சொல்லிக்கொண்டு கிடந்தவன் என்ற முறையில் அதன் அருமை எனக்குத் தெரியும்.

என் பெற்றோரின் விழுமியம் எது என்று எனக்குத் தெரியாது. அவர்கள் இப்போது இல்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

அவர்கள் சொன்ன அறிவுரைகளை விட்டுவிடுங்கள். எழுதிவைத்த கணக்கைத் தேடுங்கள். பெட்டியில், பரணில், பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் ஏதாவது இருக்கும்.

அப்பா இறந்த பிறகு ஒரு நீள நோட்டுக் கிடைத்தது. தோட்டக் கணக்கு. அந்தக் காலத்து ஆட்களைப் போல அவர் கொல்லம் ஆண்டில்தான் எழுதுவார். ஆங்கில ஆண்டிலிருந்து 825ஐ, ஆவணி பிறந்த பிறகென்றால் 824ஐக் கழித்தால் அது வரும். எத்தனை ரப்பர் ஷீட், என்ன விலை, பட்டையில் காய்ந்த ஒட்டுப்பால் எவ்வளவு என்று பக்கம் பக்கமாக இருந்தது. இடையிடையே ஒரு வரி மட்டும் மாறாமல் வந்துகொண்டே இருந்தது: "மழை. வெட்டு இல்லை. வெட்டுகாரனுக்கு 5 ரூபாய்."

மழை பெய்தால் பட்டையில் வழிகிற தண்ணீர் பாலை அடித்துக்கொண்டு போய்விடும், வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குக் கூலி கிடையாது என்பதுதான் வழக்கம். அப்பா கொடுத்திருக்கிறார். எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. எங்கள் பள்ளிக் கட்டணத்துக்கு அவர் ஆறு நாள் தவணை சொல்லும் காலத்திலும் கொடுத்திருக்கிறார்.

என் வேலைக்காகத் தோட்டம் கைமாறியது 1163 ஆனியில். நோட்டு அங்கே முடிந்திருக்க வேண்டும். பக்கத்தைப் புரட்டினேன். 1164 ஐப்பசியில், ஷீட் கணக்கோ விலையோ இல்லாத வெறும் பக்கத்தில், நான்கு வரிகள் இருந்தன. நான்கிலும் மழை, நான்கிலும் 5 ரூபாய்.